பிணை கிடைத்தும் வீடு திரும்பாதவர்கள்: திருகோணமலையில் ஓர் ஆய்வு வாழ்க்கை

குற்றவியல் நீதியைப் பற்றி ஆய்வு செய்ய விரும்பி என்னிடம் வரும் மாணவர்களில் பெரும்பாலானோர் பெரிய வழக்குகளை மனதில் வைத்துக்கொண்டே வருகிறார்கள். திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது இயல்பானதே. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரும் போதிய சாட்சியம் இல்லை என்ற காரணத்தினால் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். மூதூருக்கு அப்பால் குமாரபுரத்தில் 1996 பெப்ரவரியில் பெண்களும் குழந்தைகளுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட வழக்கு அநுராதபுரம் மேல் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, இருபது ஆண்டுகளின் பின்னர், 2016 ஜூலையில் முன்னாள் இராணுவத்தினர் ஆறு பேரின் விடுதலையுடன் முடிந்தது. 2006 ஆகஸ்டில் மூதூரில் ஏ.சி.எப். தொண்டு நிறுவனத்தின் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டதற்கு இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. இவற்றையெல்லாம் கேட்டு வளர்ந்த ஒரு மாணவி, நான் என் மேசையில் விரித்து வைத்திருந்த கசிப்பு எனும் சட்டவிரோத மது பற்றிய வழக்குகளின் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, "மிஸ், இவ்வளவு நடந்த ஊரில இருந்துகொண்டு நீங்கள் ஏன் பிணையையும் தண்டப்பணத்தையும் ஆராய்ச்சி செய்யிறீங்கள்?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி. என் ஆய்வு வாழ்க்கை முழுவதும் அதற்கான விடைதான் என்பதால், இளம் ஆய்வாளர்களுக்குப் பயன்படக்கூடிய விதத்தில் அதை இங்கே எழுதுகிறேன்.

பெரிய வழக்குகள் எந்த இடங்களில் உடைந்து போகின்றனவோ, அதே இடங்களில் சிறிய வழக்குகள் நாள்தோறும் உடைந்துகொண்டிருக்கின்றன. வாக்குமூலம் எழுதப்பட்ட மொழி, பாதுகாப்பில்லாத சாட்சி, வந்து சேராத நிபுணர் அறிக்கை, முடிவில்லாத தவணைகள், ஒவ்வொரு தவணைக்கும் கூலியை இழந்து வரவேண்டிய குடும்பம் ஆகியவை கொலை வழக்குக்கும் கசிப்பு வழக்குக்கும் பொதுவானவை. பெரிய வழக்கு எப்போதாவது ஒரு முறை வருகிறது. அப்போது எல்லோருடைய கண்களும் அதன் மீது இருப்பதால் அதன் அன்றாட இயக்கத்தைக் காண்பது கடினம். சிறிய வழக்குகளோ ஒவ்வொரு காலையும் வரிசையாகக் கூப்பிடப்படுகின்றன. நீதி எவ்வாறு நடக்கிறது, எவ்வாறு நடக்காமல் போகிறது என்பதை அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான் பேராதனையில் சமூகவியல் படித்துவிட்டு கிழக்கில் விரிவுரையாளரானேன். நீதிமன்றங்களை ஆராயும் எண்ணம் தொடக்கத்தில் என்னிடம் இருக்கவில்லை. மூதூர் பக்கத்தில் இடம்பெயர்ந்து மீளக் குடியேறிய பெண்களின் வாழ்வாதாரம் பற்றிய கணக்கெடுப்பு ஒன்றைச் செய்துகொண்டிருந்தபோது, மாதச் செலவு என்ற பகுதியில் அரிசி, மண்ணெண்ணெய், பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம் என்று நாங்கள் அச்சிட்டிருந்த தலைப்புகளுக்குள் அடங்காத ஒரு செலவை வீட்டுக்கு வீடு சொன்னார்கள். அது வழக்குச் செலவு. மகனுக்கு, கணவனுக்கு, சில வீடுகளில் அந்தப் பெண்களுக்கே வழக்கு இருந்தது. பயணம், சட்டத்தரணியின் கட்டணம், அன்றைய கூலி இழப்பு, சிறையில் இருப்பவருக்குக் கொண்டு போகும் சோப்பும் பற்பசையும் எல்லாம் சேர்ந்து, நகை அடகுக் கடையில் போய் முடிந்துகொண்டிருந்தது. வறுமையை ஆராயப் போனவளுக்கு, வறுமை உண்டாக்கப்படும் இடங்களில் நீதிமன்ற வளாகமும் ஒன்று என்பது அந்தக் கணக்கெடுப்பில்தான் தெளிந்தது.

என் முதல் ஆய்வுக் கேள்வி மிகவும் சிறியது: பிணை வழங்கப்பட்ட ஒருவர் ஏன் அன்றே வீட்டுக்குப் போவதில்லை? 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்று தெளிவாகக் கூறுகிறது. நீதவான்கள் அந்த விதிப்படி பிணை வழங்கியதைப் பல நாட்கள் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் கட்டளையில் இரண்டு சரீரப் பிணையாளர்கள், அதாவது சந்தேகநபர் தவணைக்கு வருவார் என்று பொறுப்பேற்றுக் கையெழுத்து வைப்பவர்கள், கேட்கப்பட்டிருப்பார்கள். அவர்கள் வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழைக் கொண்டுவர வேண்டும். பல வேளைகளில் அதற்குப் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் தேவைப்படும். ஒருவர் நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும், அல்லது நிரந்தர வருமானம் உள்ளவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சில கட்டளைகளில் சேர்ந்துகொள்ளும். கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு தாய், மகாவலி ஆற்றில் அனுமதியில்லாமல் மணல் ஏற்றியதாகப் பிடிபட்ட மகனுக்காக வந்திருந்தவர், நீதிமன்ற வாசலில் என்னிடம் சொன்னதை இன்றும் வகுப்பில் சொல்வதுண்டு: "மகள், ஜட்ஜையா புள்ளைய உடச் சொல்லித்தான் சொன்னாரு. கையெழுத்து வைக்கத்தான் எங்களுக்கு ஆளில்ல."

அந்த ஒரு வாக்கியத்தைப் பின்தொடர்ந்து போனதில் மாவட்டத்தின் சமூக அமைப்பே கண்முன் விரிந்தது. குச்சவெளி, புல்மோட்டைக் கரைகளுக்கு ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் வரை மேற்குக் கரையிலிருந்து பருவகால மீனவர்கள் வந்து வாடி எனும் தற்காலிகக் குடில் அமைத்துத் தொழில் செய்வார்கள். அவர்களில் ஒருவர் சிறு சச்சரவில் கைதானால், இங்கே வதிவிடச் சான்றிதழ் உள்ள உறவினர் எவரும் இருக்கமாட்டார். பிணையாளர் சிலாபத்திலிருந்தோ நீர்கொழும்பிலிருந்தோ வரவேண்டும். சம்பூரைச் சேர்ந்தவர்கள் 2006இல் இடம்பெயர்ந்து, காணி விடுவிக்கப்படும்வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தார்கள். அந்தக் காலத்தில் எந்தப் பிரிவின் கிராம உத்தியோகத்தர் அவர்களின் வதிவிடத்தை உறுதிப்படுத்துவது என்பதே ஒவ்வொரு முறையும் ஒரு பிரச்சினையாக இருந்தது. கணவனை இழந்த பெண்கள் தனியாகத் தலைமை தாங்கும் வீடுகளில், பிணை நிற்பதற்கு ஆண் துணை தேடி ஊரெல்லாம் அலைந்தவர்களைக் கண்டேன். சட்டம் எல்லோருக்கும் ஒரே பிணையைத்தான் விதிக்கிறது. ஆனால் நிலையான முகவரியும் உறவும் வருமானமும் உள்ளவர் அன்றே வெளியே வருகிறார், இல்லாதவர் அடுத்த தவணைவரை உள்ளே இருக்கிறார்.

வெள்ளிக்கிழமைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வழக்கு முற்பகல் பதினொரு மணிக்குக் கூப்பிடப்பட்டுப் பிணை கிடைத்தாலும், சான்றிதழில் ஒரு பெயரின் எழுத்து அடையாள அட்டையோடு பொருந்தாவிட்டால், பிணையாளர் திரும்பவும் ஊருக்குப் போய்க் கிராம உத்தியோகத்தரைத் தேட வேண்டும். அவர் களக் கடமைக்குப் போயிருப்பார். நீதிமன்றப் பதிவாளர் அலுவலகம் மூடுவதற்குள் திரும்பி வராவிட்டால், கைதி திங்கட்கிழமைவரை சிறையில் இருப்பார். இவ்வாறு கழியும் இரண்டு மூன்று நாட்கள் எந்தப் புள்ளிவிபரத்திலும் பதிவாவதில்லை. ஒரு கூலித் தொழிலாளிக்கு அந்த நாட்கள் வேலையையே இழப்பதற்குப் போதுமானவை.

இவ்வாறான ஆய்வைத் தொடங்க விரும்புபவர் முதலில் நீதிமன்றத்தில் உட்காரப் பழக வேண்டும். அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடைபெற வேண்டும் என்கிறது. சில விதிவிலக்குகள் தவிர, பார்வையாளர் வாங்கில் உட்கார எவருக்கும் உரிமை உண்டு. உரிமை இருந்தாலும் பதிவாளரை முன்கூட்டியே சந்தித்து, பல்கலைக்கழகத்தின் கடிதத்தைக் கொடுத்து, என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. தெரியாத முகம் ஒன்று நாள்தோறும் பின்வாங்கில் இருந்து எழுதிக்கொண்டிருந்தால் பொலிசாரும் சட்டத்தரணிகளும் மட்டுமல்ல, வழக்குக்கு வந்தவர்களும் அஞ்சுவார்கள். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுச் செல்லுங்கள். கொப்பியும் பேனாவும் போதும். வழக்கின் வகை, சந்தேகநபருக்குச் சட்டத்தரணி இருந்தாரா, எந்த மொழியில் பேசப்பட்டது, மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா, பிணை நிபந்தனை என்ன, அடுத்த தவணை எப்போது, வழக்கு எத்தனை நிமிடம் எடுத்தது ஆகியவற்றை ஒரே ஒழுங்கில் எழுதி வாருங்கள். பெயர்களை எழுத வேண்டாம். முதல் சில வாரங்களில் எல்லாமே ஒன்றுபோலத் தோன்றும். பிறகுதான் எந்த வகை வழக்குக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது, யாருடைய வழக்கு எப்போதும் மதியத்துக்குப் பின் தள்ளிப்போகிறது என்பவை தெரியவரும்.

வாங்கில் கிடைப்பது பாதி மட்டுமே. மறுபாதி வளாகத்துக்கு வெளியே, தேநீர்க் கடையிலும் மர நிழலிலும், சாப்பாட்டுப் பார்சலோடு சிறைச்சாலை பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கும் குடும்பங்களிடம் இருக்கிறது. நான் பெண் என்பதால் என்னையும் ஒரு கைதியின் உறவாகவே பலர் எண்ணினார்கள், "ஆருக்காக வந்தனீங்கள் அக்கா?" என்றுதான் பேச்சு தொடங்கும். அந்த இடத்திலேயே நான் யார், எதற்காக வந்திருக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுவதை ஒரு கட்டாய விதியாகவே வைத்திருந்தேன். உண்மையைச் சொன்ன பிறகும் பேசியவர்களின் வார்த்தைகளுக்கு மட்டுமே ஆய்வில் இடம் கொடுத்தேன். நீதிமன்ற முதலியார் (மொழிபெயர்ப்பாளர்), சிறைக் காவலர், மனு எழுதிக் கொடுப்பவர் ஆகியோருக்கு எந்த நூலிலும் இல்லாத நடைமுறை அறிவு இருக்கிறது. நீதவானைச் சந்திப்பதற்கு முன் இவர்களிடம் ஆறு மாதம் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை.

அடுத்து வருவது என் மாணவர்களிடம் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கும் விடயம். குற்றம் நடந்ததா, யார் செய்தார்கள் என்று எவரிடமும் கேட்கக்கூடாது. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான தொடர்பாடலைப் பாதுகாக்கிறது. ஆய்வாளருக்கு அத்தகைய பாதுகாப்பு எதையும் அது தரவில்லை. உங்கள் கொப்பியில் எழுதப்பட்ட ஒரு வரி நாளை ஒருவருக்கு எதிரான சாட்சியாகலாம், உங்களையே சாட்சிக் கூண்டில் ஏற்றலாம். ஆகவே காலத்தையும் பணத்தையும் பயணத்தையும் பற்றிக் கேளுங்கள்: எப்போது கைதானீர்கள், எப்போது நீதவான் முன் கொண்டுவரப்பட்டீர்கள், எந்த மொழியில் வாக்குமூலம் எடுக்கப்பட்டது, அது வாசித்துக் காட்டப்பட்டதா, வீட்டில் யார் எதை விற்றார்கள். இந்தக் கேள்விகளுக்கான விடைகளே நீதி அமைப்பைப் பற்றி அதிகம் சொல்கின்றன. ஒருவர் தாமாகவே சம்பவத்தைச் சொல்லத் தொடங்கினால், மெதுவாக நிறுத்தி, அதைச் சட்டத்தரணியிடம் சொல்லும்படி கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிறைக்குள் செய்யும் நேர்காணலில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். அனுமதி பெறுவதற்குச் சிறைச்சாலைகள் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து நீண்ட நாட்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். அனுமதி கிடைத்த பின்னரும், கூட்டிவந்து உட்காரவைக்கப்பட்ட ஒருவர் தரும் சம்மதம் உண்மையான சம்மதம்தானா என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டும். காவலர் கேட்கும் தூரத்தில் இருந்தால் நான் பேட்டி எடுப்பதில்லை. உடல்நலத்தையும் குடும்பத்தையும் விசாரித்துவிட்டு எழுந்துவிடுவேன். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட சிறைச்சாலைகள் பற்றிய ஆய்வறிக்கையை, உள்ளே போவதற்கு முன் ஒவ்வொரு மாணவரும் வாசிக்க வேண்டும். இட நெருக்கடி, தண்ணீர், மருத்துவம், மொழி, சட்ட உதவி என்று நாட்டின் சிறைகளில் என்ன நடக்கிறது என்பதை அவ்வளவு விரிவாகப் பதிவுசெய்த வேறோர் ஆவணம் நம்மிடம் இல்லை. அண்மைய ஆண்டுகளில் நமது சிறைகளில் இருப்போரில் தண்டனை பெற்றவர்களைவிட வழக்கு முடியுமுன் விளக்கமறியலில் தடுத்துவைக்கப்பட்டுள்ளவர்களே கூடுதலானவர்கள். அதாவது, சட்டத்தின் கண்ணில் இன்னும் குற்றமற்றவர்களாகக் கருதப்பட வேண்டியவர்களே கூடுதலாகச் சிறையில் இருக்கிறார்கள்.

மொழியைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்துக்குப் பின் சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள். வடக்கு கிழக்கில் தமிழில் வழக்கு நடத்தலாம். மொழி புரியாத தரப்பினருக்கு அரசே மொழிபெயர்ப்பு வழங்க வேண்டும். நீதிமன்றத்துக்குள் இது பெரும்பாலும் நடக்கிறது. ஆனால் வழக்கின் அடித்தளம் அதற்கு முன்பே, பொலிஸ் நிலையத்தில் இடப்பட்டுவிடுகிறது. தமிழில் பேசியவரின் முறைப்பாடோ வாக்குமூலமோ சிங்களத்தில் எழுதப்பட்டு, அதன் அடியில் அவர் கையெழுத்து வைத்ததாகச் சொன்ன குடும்பங்களை இம்மாவட்டத்தின் எல்லாப் பகுதிகளிலும் சந்தித்திருக்கிறேன். இது எவ்வளவு தூரம் போகக்கூடியது என்பதற்கு மட்டக்களப்பைச் சேர்ந்த நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கே சான்று. சாதாரண சட்டத்தின் கீழ் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஏற்கிறது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையையும் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதே வைக்கிறது. சிங்கராசா, தமக்குத் தெரியாத சிங்கள மொழியில் எழுதப்பட்டுப் பெருவிரல் அடையாளம் வைக்கப்பட்ட வாக்குமூலத்தின் மீது 1995இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மேன்முறையீட்டில் அது 35 ஆண்டுகளாகக் குறைந்தது. 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு அவருடைய நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்று கண்டது. 2006இல் நமது உயர் நீதிமன்றம் அந்தக் கண்டறிதலின் அடிப்படையில் தீர்ப்பை மாற்ற மறுத்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் தடுப்புக்காவலின் உச்சத்தை 18 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைத்தது. ஒப்புதல் வாக்குமூலம் பற்றிய பிரிவு அப்படியே நிற்கிறது. அது நீக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

தண்டப்பணத்துக்கு வருகிறேன். ஆண்டுதோறும் தண்டனை பெற்றுச் சிறைக்குள் வருவோரில் பெரும் பங்கினர் தண்டப்பணத்தைக் கட்ட முடியாமல் வருபவர்கள். எங்கள் பக்கத்தில் இதற்குக் கடலோடும் தொடர்பு உண்டு. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாரியில் கடல் கொந்தளிக்கும். சிறு படகுகள் கரையேறிவிடும். கையில் காசு இருக்காது. அந்த மாதங்களில்தான் கசிப்பு விற்றதற்காகப் பெண்கள் பிடிபடுவதையும், தண்டப்பணம் கட்ட வழியின்றி உள்ளே போவதையும் கூடுதலாகக் கண்டேன். ஒரு பெண் உள்ளே போனால் பிள்ளைகள் பாட்டியிடம் போவார்கள், பாடசாலை தடைப்படும், வெளியே வந்ததும் கடனை அடைப்பதற்கு மீண்டும் கசிப்பைத் தவிர வேறு வழி இருக்காது. தண்டப்பணம் கட்ட அவகாசம் வழங்கவும் பகுதி பகுதியாக அறவிடவும் சட்டத்தில் இடமுண்டு. சிறைக்குப் பதிலாகச் சமுதாயத்துக்குப் பயன்படும் வேலையில் ஈடுபடுத்தும் கட்டளைக்கு 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. கேட்டால் கிடைக்கக்கூடியவை இவை. சட்டத்தரணி இல்லாமல், மூன்று நிமிடத்தில் குற்றத்தை ஏற்றுக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணுக்குக் கேட்கத் தெரிவதில்லை என்பதுதான் துயரம்.

போதைப்பொருள் வழக்குகளில் நிலைமை இன்னும் கடுமையானது. பிணைச் சட்டத்தின் பொதுவிதி அங்கே செல்லாது. கைப்பற்றப்பட்ட பொருள் பத்தரமுல்லையிலுள்ள அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போய் அறிக்கை வரும்வரை தவணைகள் நீளும். 2023 டிசம்பரில் 'யுக்திய' எனும் போதைப்பொருள் ஒழிப்புப் பொலிஸ் நடவடிக்கை தொடங்கிய பின் நாடு முழுவதும் பெருந்தொகையானோர் கைதாகிச் சிறைகள் நிரம்பின. 'ஐஸ்' எனும் போதைப்பொருளின் பாவனையால் பிள்ளைகளை இழந்துகொண்டிருக்கும் பெற்றோரின் வேதனையை நான் சிறிதாகக் கருதவில்லை. அவர்களில் பலர் பொலிஸ் நடவடிக்கையை வரவேற்றார்கள். ஆனால் பாவனையாளரையும் விற்பனையாளரையும் ஒரே அறையில் மாதக்கணக்கில் அடைத்துவைப்பதால் எந்தப் பிள்ளையும் மீண்டுவருவதை நான் காணவில்லை.

இந்த ஆய்வு தமிழர்களின் துயரத்தை மட்டும் பேசுவதாக இருக்கக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். கோமரங்கடவலவில் காட்டில் மரம் வெட்டியதற்காகப் பிடிபட்ட சிங்கள விவசாயியின் மனைவியும் கிண்ணியாத் தாயைப் போலவே பிணையாளரைத் தேடி அலைந்தார். மூதூரைச் சேர்ந்தவர்கள் 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை மேல் நீதிமன்றத் தவணைக்குக் கொட்டியார்குடாவை லோஞ்சில் கடந்து வரவேண்டியிருந்தது. அந்தக் கஷ்டம் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒன்றாகவே இருந்தது. அதற்காக எல்லோருடைய நிலையும் சமம் என்று நான் எழுதவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் சுமையை முதலில் தமிழரும், 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின் முஸ்லிம்களும் சுமந்தார்கள். ஏழ்மையின் சுமையை எல்லோரும் சுமக்கிறார்கள். இரண்டையும் வேறுபடுத்தி, இரண்டையும் எழுத வேண்டும்.

ஆய்வின் முடிவை யாரிடம் கொண்டுபோவது என்பதில்தான் பல்கலைக்கழகத்துக்கும் சமூகத்துக்கும் இடையிலான இழுபறி இருக்கிறது. பதவி உயர்வுக்கு ஆங்கிலச் சஞ்சிகைக் கட்டுரை வேண்டும். அதை எழுதத்தான் வேண்டும், எழுதினேன். ஆனால் கட்டுரை அச்சாவதற்கு முன்பே, அதன் சாரத்தை இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பாக்கிப் பிரதேச செயலகங்களிலும் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்திலும் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். தனிப்பட்ட எந்த வழக்கையும் அதில் குறிப்பிடுவதில்லை. மாணவர்களோடு சேர்ந்து, பிணைக்கு வருபவர்கள் கொண்டுவர வேண்டிய ஆவணங்களைப் பெரிய எழுத்தில் ஒரே தாளில் அச்சிட்டோம்: அடையாள அட்டையின் பிரதி, வதிவிடச் சான்றிதழ், இரண்டிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முதல் நாளே பார்க்கவும், சட்டத்தரணி இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் காலையிலேயே செல்லவும். சிங்களத்திலும் அதைத் தயாரித்தோம். கிராம உத்தியோகத்தர்களோடு நடத்திய ஒரு கலந்துரையாடலில், "இது வெறும் கடதாசி என்றுதான் நினைச்சிருந்தம், இதுக்காக ஒருத்தர் உள்ளுக்க இருப்பார் என்று எங்களுக்குத் தெரியாது" என்று ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு அவருடைய பிரிவில் வார இறுதியிலும் சான்றிதழ் கிடைத்தது. சட்டத்தின் ஒரு வரிகூட மாறவில்லை. சிலர் இரண்டு இரவுகள் முன்னதாக வீடு திரும்பினார்கள். என் கட்டுரைகள் எல்லாவற்றையும்விட அந்த ஒற்றைத் தாளையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

தரவு இல்லை என்று சோர்ந்துபோகும் மாணவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நினைவூட்டுகிறேன். சிறைச்சாலைகள் திணைக்களத்துக்கோ பொலிஸ் திணைக்களத்துக்கோ விண்ணப்பித்தால், தகவல் உத்தியோகத்தர் 14 வேலைநாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். "சிறையில் உள்ளவர்கள் பற்றிய விபரம்" என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் வராது. எந்த ஆண்டு, எந்தச் சிறை, எந்த வகைக் கைதிகள் என்று குறித்துக் கேளுங்கள்; தமிழிலேயே கேளுங்கள்.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். 2006 ஜனவரியில் கடற்கரையில் இறந்த மாணவர்களின் உடல்களைப் பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் படமெடுத்தார். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டிருந்த நிலையில், துப்பாக்கிச் சூட்டுக் காயங்களை அந்தப் படங்களே உலகுக்குக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவர் திருகோணமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். குடும்பங்களும் சாட்சிகளும் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். சாட்சிகளையும் பாதிக்கப்பட்டவர்களையும் பாதுகாப்பதற்கான சட்டம் 2015இல்தான் வந்தது. 2023இல் அதற்குப் பதிலாக வேறொரு சட்டம் இயற்றப்பட்டது. 2019இல் 'போதிய சாட்சியம் இல்லை' என்று முடிந்த வழக்கைப் படிக்கும்போது, சாட்சி எப்போது இல்லாமல் போனார், ஏன் போனார் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். சிறிய வழக்குகளில் உட்கார்ந்து, அயலவருக்கு அஞ்சிச் சாட்சி சொல்ல வராதவரையும் பஸ் காசு இல்லாமல் வராதவரையும் கண்டு பழகியவருக்கு அந்தக் கேள்வி தானாகவே எழும். அந்த மாணவி இப்போது சாட்சிகளின் பயணச் செலவையும் பாதுகாப்பையும் பற்றியே தன் முதுமாணி ஆய்வைச் செய்துகொண்டிருக்கிறார்.

செய்யப்படாமல் கிடக்கும் வேலைகளில் இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். பருவகால மீனவர்கள் தம் சொந்த ஊர்க் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழைத் தொழிலுக்கு வரும்போதே கையோடு கொண்டுவந்தால் பிணையில் எவ்வளவு காலம் மிச்சமாகும் என்பதைக் கடற்றொழிலாளர் சங்கங்களோடு சேர்ந்து ஒரு பருவத்துக்குச் சோதித்துப் பார்க்கலாம். இதற்குச் சிங்களமும் தமிழும் தெரிந்த இரண்டு மாணவர்கள் தேவை. மற்றது, பொலிஸ் நிலையங்களில் இரவு நேரத்தில் எடுக்கப்படும் வாக்குமூலங்களின் மொழி. தமிழில் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் எந்த நிலையத்தில், எந்த நேரத்தில் கடமையில் இருக்கிறார் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் நிலையம் நிலையமாகக் கேட்டுத் தொகுத்தாலே முதல் அத்தியாயம் தயாராகிவிடும். இதை எடுத்துச் செய்ய முன்வருபவருக்கு என் களக் குறிப்புகளின் ஒழுங்கையும், பெயர்கள் நீக்கப்பட்ட பட்டியல்களையும் தருவதற்கு நான் தயாராக இருக்கிறேன்.